சுமைகூலி

நான்கு முறை அனுப்பிக் கொடுத்தவள் நான்தான்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிம்லியில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி,
மளிகைக் கடையின் பின்மூலை.
இடப்பக்கம் தூண்டில் புழு வைத்த குளிர்பெட்டி,
வலப்பக்கம் லாட்டரிச் சீட்டு,
நடுவில் பணம் அனுப்பும் கவுண்டரும் நானும்.
வெள்ளிக்கிழமைதோறும் ஸ்காப்தி வருவார்.
பனிக்காலணியை மிதியடியில் மூன்று தட்டு,
பிறகு கையுறைக்குள்ளிருந்து நோட்டுகள்.

முதல் வாரம் நானூறு டாலர், பதிவுக் கட்டணம்.
அடுத்து அறுநூறு, காப்பீடு.
அப்புறம் ஆயிரத்து இருநூறு,
அதற்கும் அப்புறம் ஆயிரத்து எண்ணூறு:
வெளிநாட்டவர் ஸ்பெயினுக்குக் கட்டும் பரிசு வரியாம்.
வாங்குபவர் பெயர் தடவைக்கு ஒன்று.
ஊர் மட்டும் மாறவில்லை, அது ஸ்பெயினில் இல்லை.
‘எதற்காக அனுப்புகிறீர்கள்’ என்று திரை கேட்கும்.
‘உறவினருக்கு’ என்பார்,
அப்படிச் சொல்லச் சொன்னார்கள் என்றும் சொல்வார்.
நான் தட்டினேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் வெள்ளி, ஆறாயிரம்.
படகு மோட்டாரை விற்ற காசு,
நோட்டில் பெட்ரோல் வாடை.
கடிதத்தையும் விரித்துக் காட்டினார்:
நகலெடுத்து மங்கிய கிரீடம், தங்க ஒட்டு முத்திரை,
வரி கட்டிய மறுநாள் ஒன்பது லட்சம் யூரோ.

‘சீட்டு எப்போது வாங்கினீர்கள்?’
‘வாங்கவில்லை. கணினி என் பெயரைப் பொறுக்கியதாம்.’
‘வலை போடாமல் மீனா?’
சிரித்தார்.
‘திவீனா, நீ உறைந்த ஏரிமேல் நின்றதில்லை.
துளைக்குள் ஒரு பலகையை விடுவோம்.
கயிற்றை இழுத்துக்கொண்டு அது அடியில் ஊரும்.
மேலே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.
தெரியாததை நம்பித்தான் ஐம்பது வருஷம் சாப்பிட்டேன்.’

என்னிடம் பதில் இல்லை.
சட்டம் பேசிப் பார்த்தேன்:
கனடாவில் லாட்டரிப் பரிசுக்கு வரியே கிடையாது,
ஸ்பெயினில் பெரிய பரிசுக்கு உண்டு, ஆனால் அங்கே
வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார்கள்.
அடுத்த ஊர் வானிலை அறிக்கை போலக் கேட்டுக்கொண்டார்.

புழு வாங்க வந்த பையன்
பின்னால் நின்று பெருமூச்சு விட்டான்.
ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியாது:
‘மீன் விற்ற காலத்தில் லாரிக்கூலி யார் கொடுத்தது?’
‘கம்பெனி. செக்கில் கழித்துவிடுவான்.’
‘கூலியை முதலில் அனுப்பு,
மீன் காசு பிறகு தருகிறேன் என்று எப்போதாவது...’
‘எந்த மடையன் அதற்கு—’

திறந்த வாய் திறந்தபடி நின்றது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்;
அந்தக் கணக்கிலாவது ஒரு சுண்டைக்காய் உண்டு.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.
வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சரியாக அடிக்கிற போன்.
எடுத்தார். நெடுநேரம் கேட்டார்.
பிறகு, மீன் சந்தையில் பேரம் பேசிய குரலில்,
‘என் வரியை அதிலேயே பிடித்துக்கொள்.
மிச்சத்தை அனுப்பு’ என்றார்.
அந்தப் பக்கம் ஏதோ கெஞ்சியது, பிறகு அதட்டியது.
‘பிடித்துக்கொள். மிச்சத்தை அனுப்பு.’
மூன்றாம் தடவை சொல்லும்போது எதிரில் ஆளில்லை.

ஆறாயிரத்தையும் கையுறைக்குள் திணித்தார்.
‘அந்த நாலாயிரம்?’
போலீஸ் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
வராது என்று எனக்குத் தெரியும்,
எனக்குத் தெரியும் என்று அவருக்கும்.

புகாருக்கு வேண்டுமென்று
நான்கு ரசீதையும் கவுண்டரில் வரிசையாக வைத்தார்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி,
முதன்முறையாக அடிவரி வரை படித்தார்.
‘இங்கே இருபத்திரண்டு டாலர் என்று இருக்கிறதே,
இது யாருக்கு?’
‘எங்களுக்கு. அனுப்பும் கட்டணம்.’
‘ஓ,’ என்றார். கோபமில்லை,
கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரி.
‘நீங்களும் முதலிலேயே வாங்கிக்கொண்டீர்கள்.’